பெயர் சொல்லிப் பகிர்வோம்

(பழைய மாணவியர் சங்க நூற்றாண்டு விழாவின் கலை இலக்கிய அமர்வில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"இணையத்தில் கவிதை" என்ற தலைப்பில் இருபது நிமிடம் பேசும்படி செயலாளர் கேட்டார். நான் கணினி படித்தவள் அல்ல. தமிழ் படிப்பித்து ஓய்வு பெற்றவள். ஆனாலும் ஒத்துக்கொண்டேன். இந்தப் பாடசாலையில் எழுதப்பட்ட ஒரு கவிதைக்கு நான் செய்த ஒரு தவறை, இந்தப் பாடசாலையிலேயே நின்று சொல்ல வேண்டும் என்று கொஞ்சக் காலமாக எண்ணியிருந்தேன்.

எங்கள் வகுப்புப் பிள்ளைகளுக்கு 1983ஆம் ஆண்டின் கையெழுத்துச் சஞ்சிகை நினைவிருக்கும். தமிழ் மன்றம் நடத்தியது. ஒரே ஒரு பிரதிதான். நூலக மேசையில் வைத்திருப்போம். மை சிந்தினால் டீச்சரின் ஏச்சு நிச்சயம். அதில் எங்களோடு உயர்தரம் படித்த, விடுதியில் தங்கியிருந்த ஒரு தோழி தன் அம்மாவைப் பற்றி ஒரு கவிதை எழுதினாள். மாத்தளை வீதிப் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் லயத்துப் பிள்ளை அவள். அம்மாவின் உள்ளங்கையில் கொழுந்துக் கறை. இந்தியாவுக்குப் போவதற்கான தாளில் கைநாட்டு வைத்ததால் பெருவிரலில் மைக்கறை. இரண்டில் எது முதலில் போகும் என்று அந்தப் பிள்ளை கேட்பதோடு கவிதை முடியும். அதில் ஒரு சொல்லும் அழவில்லை. வாசித்த நாங்கள்தான் அழுதோம்.

1984இன் தொடக்கத்தில் அவளுடைய குடும்பம் தலைமன்னாரில் கப்பலேறிப் போய்விட்டது. 1964இல் கையெழுத்தான சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி போனவர்களில் அவர்களும் சேர்த்தி. கட்டுகஸ்தோட்டைப் பாலத்தைக் கடந்து வந்து எங்களிடம் விடைபெற்றுப் போனவள்தான், பிறகு திரும்பி வரவில்லை. சஞ்சிகையும் பின்னொரு காலத்தில் கறையானுக்குப் போயிற்று. அந்தக் கவிதையை நான் என்னுடைய சீ.ஆர். கொப்பியில் பார்த்தெழுதி வைத்திருந்ததால் அது மட்டும் தப்பியது.

2020ஆம் ஆண்டு ஊரடங்கின்போது எல்லோரும் வீட்டுக்குள் இருந்தோம். வகுப்புத் தோழிகளின் வட்ஸ்அப் குழுவில் பழைய படங்கள் போட்டுக்கொண்டிருந்தார்கள். நானும் கொப்பியை எடுத்து அந்தக் கவிதையைத் தட்டச்சு செய்து போட்டேன். ரொறொன்ரோவிலிருந்தும் லண்டனிலிருந்தும் அழுகை முகங்களும் இதயங்களும் வந்து குவிந்தன. "வேறு ஆட்களுக்கு அனுப்பட்டுமா?" என்று ஒருத்தி கேட்டாள். "தாராளமாக" என்றேன்.

இரண்டு வருடம் கழித்து, ஓர் அன்னையர் தினத்தன்று, அந்தக் கவிதை எனக்கே திரும்பி வந்தது. எனக்குச் சம்பந்தமே இல்லாத வேறொரு குழுவில், ஒரு ரோஜாப்பூப் படத்தின் மேல் எழுதப்பட்டிருந்தது. லயம் வீடாகியிருந்தது. கொழுந்துக்கூடை பூக்கூடையாகியிருந்தது. கைநாட்டு வைத்த கடைசிப் பகுதியைக் காணவில்லை. அந்த இடத்தில் அம்மாதான் தெய்வம் என்ற கருத்தில் நாலு வரி. கீழே ஒரு பிரபல கவிஞரின் பெயர். அவர் இதை அறிந்திருக்கவே மாட்டார்.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்ல முடியாது. "இது என் பாடசாலைத் தோழி எழுதியது" என்று அங்கே எழுதினேன். முன்பின் தெரியாத ஒருவர், "ஆதாரம் உண்டா?" என்று கேட்டார். ஆதாரம் காட்டுவதற்காக, எங்கள் குழுவில் நான் முதன்முதலில் போட்ட செய்தியைத் தேடி எடுத்தேன். அதில் கவிதை இருந்தது. "நம்ம காலத்துக் கவிதை, ஞாபகம் இருக்கா?" என்று நான் எழுதியதும் இருந்தது. அவளுடைய பெயர் இல்லை.

எங்கள் வகுப்பில் எல்லோருக்கும் தெரியும்தானே என்று நான் பெயரைப் போடவில்லை. அந்தக் குழுவுக்குள் இருந்தவரை பெயர் தேவைப்படவில்லை. குழுவை விட்டு வெளியே போன முதல் நிமிடமே அது அநாதைக் கவிதையாகிவிட்டது. பெயரை நீக்கியது முகம் தெரியாத யாரோ என்று நான் ஏசிக்கொண்டிருந்தேன். நீக்கியது நான்தான்.

அன்புச் சகோதரிகளே, இந்தக் கதையைக் கேட்டு, இணையமே கூடாது, கவிதையைப் பகிரவே கூடாது என்று நான் சொல்லப் போவதாக நினைக்காதீர்கள். பகிர்வதும், வாங்கியதைத் தனக்கேற்ப மாற்றிப் பாடுவதும் தமிழுக்குப் புதியவை அல்ல. நம்முடைய மலைநாட்டில் அது இல்லாவிட்டால் இலக்கியமே இல்லை.

கோ. நடேசய்யரை எல்லோரும் அறிவீர்கள். தோட்டத் தொழிலாளருக்குத் தொழிற்சங்கம் கண்டவர். அவருடைய துணைவியார் மீனாட்சி அம்மையைப் பற்றி நம் பிள்ளைகளுக்கு அவ்வளவாகச் சொல்வதில்லை. அந்த அம்மையார் கூட்டங்களில் பாரதியாரின் பாட்டுகளைப் பாடுவார். தாமே பாட்டுக் கட்டியும் பாடுவார். 1940இல் 'இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை' என்ற பெயரில் அவருடைய பாட்டுகள் சிறு நூலாக வந்தன. அந்தப் பாட்டுகள் அக்காலத்து மக்களுக்குப் பழக்கமான மெட்டுகளில் அமைந்தவை. மெட்டு ஏற்கெனவே காதில் இருப்பதால், எழுத்தறியாத தாய்மாரும் ஒரு தரம் கேட்டதும் சொல்லைப் பிடித்துக்கொள்வார்கள். இன்று பிள்ளைகள் 'ரீமிக்ஸ்' என்று சொல்வதை அந்த அம்மையார் எண்பது வருடங்களுக்கு முன்பே செய்திருக்கிறார். ஆனால் அந்த நூலில் அவருடைய பெயர் இருந்தது. அதனால்தான் இன்று நான் இங்கே அவரைப் பெயர் சொல்லி வணங்க முடிகிறது.

அடுத்தவர் சி. வி. வேலுப்பிள்ளை. மடக்கும்புர தோட்டத்தில் 1914இல் பிறந்து, 1947இல் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து பாராளுமன்றம் சென்றவர். தேயிலைத் தோட்டத்து வாழ்க்கையை அவர் ஆங்கிலத்தில் நெடுங்கவிதையாக எழுதினார். அதைச் சக்தீ அ. பாலஐயா தமிழில் 'தேயிலைத் தோட்டத்திலே' என்று ஆக்கினார். நூல் 1969இல் வந்தது. சொல்லுக்குச் சொல் பெயர்க்காமல், தமிழ்க் கவிதையாகவே மறுபடி படைத்தார். யாரும் அதைத் திருட்டு என்று சொல்லவில்லை. மூலம் யாருடையது, தமிழ் யாருடையது என்ற இரண்டும் அங்கே தெளிவாக இருந்தன. அதனால் ஒரு கவிதை இரண்டாயிற்று, ஒரு கவிஞரோடு இன்னொருவரும் வாழ்ந்தார்.

அதே சி. வி. அவர்கள் தோட்டந்தோட்டமாகக் கேட்டுச் சேர்த்த நாட்டார் பாடல்களை 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' என்று 1983இல் நூலாக்கினார். தாலாட்டும் ஒப்பாரியும் தெம்மாங்கும் யாரோ ஒரு தாய் கட்டியவைதான். அவளுடைய பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. ஆனாலும் இன்னார் சேர்த்தார், இந்த மக்கள் பாடினார்கள் என்ற விபரம் நூலில் நிற்கிறது. தனியொருத்தியின் பெயர் தொலைந்த இடத்தில் ஒரு சமூகத்தின் பெயராவது நிற்க வேண்டும்.

நம் முன்னோர் இதில் எவ்வளவு கவனமாக இருந்தார்கள் என்பதற்குச் சங்க இலக்கியமே சாட்சி. குறுந்தொகையில் செம்புலப்பெயனீரார் என்று ஒரு புலவர் உண்டு. அது பெற்றோர் வைத்த பெயர் அல்ல. இயற்பெயர் தெரியாமற் போனபோது, அவர் பாட்டில் வந்த சொற்றொடரையே எடுத்து அவருக்குப் பெயராகச் சூட்டிவிட்டார்கள். பெயர் தெரியவில்லை என்பதற்காக, கைக்கு வந்த வேறொரு பெரிய புலவரின் பெயரைப் போட்டுவிடவில்லை. நம்முடைய வட்ஸ்அப் குழுக்களுக்கு இதைவிட நல்ல பாடம் இல்லை.

இனிப் பாரதியாரிடம் வருவோம். அவர் 1921இல் மறைந்தார். அவருடைய பாட்டுகளை இசைத்தட்டிலும் படத்திலும் பயன்படுத்தும் உரிமை கைமாறிக் கைமாறி, கடைசியில் பட அதிபர் ஏ. வி. மெய்யப்பச் செட்டியாரிடம் வந்து சேர்ந்திருந்தது. டி. கே. எஸ். சகோதரர்கள் தங்கள் 'பில்ஹணன்' படத்தில் ஒரு பாரதி பாட்டைச் சேர்த்தபோது வழக்கு எழுந்தது. பாரதி பாட்டு தனியொருவரின் சொத்தாக இருக்கலாமா என்று தமிழகத்தில் பெரிய இயக்கமே நடந்தது. 1949இல், ஓமந்தூர் ராமசாமி ரெட்டியாரின் ஆட்சிக் காலத்தில், சென்னை அரசு அந்த உரிமையை எடுத்துக்கொண்டது. பின்னர் பாரதியின் எழுத்துகள் எல்லோருக்கும் பொதுவாயின. ஒரு கவிஞனின் எழுத்தை அரசே வாங்கி மக்களுக்குக் கொடுத்தது என்பது உலகத்தில் அரிய சம்பவம். பேராசிரியர் ஆ. இரா. வேங்கடாசலபதி இதைத் தனி நூலாகவே எழுதியிருக்கிறார்.

இன்று பாரதியாரை யாரும் அச்சிடலாம், யாரும் பாடலாம், என்ன மெட்டிலும் போடலாம். யாருக்கும் ஒரு சதம் கொடுக்கத் தேவையில்லை. ஆனால் அந்தப் பாட்டின் கீழ் வேறு ஒருவருடைய பெயரைப் போடலாம் என்று அந்த அரசு சொல்லவில்லை. பாரதி எழுதாததைப் பாரதி எழுதியதாகச் சொல்லலாம் என்றும் சொல்லவில்லை. உரிமை பொதுவாகலாம், பெயர் பொதுவாகாது. இந்த இரண்டையும் நாம் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். இலவசம் என்றால் பெயரும் வேண்டாம் என்று நினைத்துவிடுகிறோம்.

நம் நாட்டுச் சட்டமும் இரண்டையும் பிரித்தே பார்க்கிறது. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்க புலமைச் சொத்துச் சட்டத்தின்படி, ஒருவர் எழுதியது அவர் வாழ்நாளும் அதற்குப் பின் 70 வருடங்களும் பாதுகாக்கப்படும். வெளியிட்டுப் பணம் பெறுகிற உரிமை ஒன்று. தன் பெயர் குறிக்கப்பட வேண்டும், தன் நற்பெயருக்குக் கேடு வரும்படி படைப்பைச் சிதைக்கக் கூடாது என்று கேட்கும் உரிமை வேறொன்று. இதைத் தார்மிக உரிமை என்பார்கள். பதினேழு வயதுப் பிள்ளை கையெழுத்துச் சஞ்சிகையில் எழுதினாலும் இந்த உரிமை அவளுக்கு உண்டு, பதிவு எதுவும் தேவையில்லை. நாட்டார் பாடல்களுக்கும் அந்தச் சட்டத்தில் தனிப் பிரிவு இருக்கிறது. அவற்றை வெளியிடும்போது எந்தச் சமூகத்திலிருந்து, எந்த இடத்திலிருந்து பெறப்பட்டவை என்று குறிப்பிடச் சொல்கிறது. எனக்கு இதைப் படித்தபோது சி. வி. அவர்களின் நூல்தான் நினைவுக்கு வந்தது.

எங்கள் தங்கைமார் சந்தோஷப்படும்படி ஒரு புதிய உதாரணமும் சொல்கிறேன். 2021 மார்ச்சில் 'எஞ்சாயி எஞ்சாமி' பாட்டு வந்தது. சந்தோஷ் நாராயணன் இசை, தீயும் அறிவும் பாடியது. உலகமெல்லாம் ஆடியது. அந்தப் பாட்டுக்குப் பின்னால் இருப்பவர் அறிவின் பாட்டி வள்ளியம்மாள். நம் நாட்டுத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்து, திருப்பி அனுப்பப்பட்டுத் தமிழகம் போனவர். பாட்டியிடம் கேட்ட ஒப்பாரியும் கதையும் பேரனின் வாயில் புதுப் பாட்டாகின. காணொளியில் அந்தப் பாட்டியின் முகமும் இருக்கிறது. மலைநாட்டின் வேதனை உலகத்தின் காதுக்குப் போனது பகிர்வதாலும் மாற்றிப் பாடுவதாலும்தான்.

அதே ஆண்டு ஆகஸ்டில் ஒரு சஞ்சிகையின் இந்தியப் பதிப்பு இந்தப் பாட்டின் வெற்றியையும் சேர்த்து அட்டைப்படம் போட்டபோது அதில் அறிவின் முகம் இல்லை. இயக்குநர் பா. ரஞ்சித் முதல் பலரும் அதைக் கேள்வி கேட்டார்கள். சம்பந்தப்பட்டவர்கள் தங்கள் பக்கத்து விளக்கத்தைச் சொன்னார்கள். யார் சரி, யார் பிழை என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. பார்க்க வேண்டியது இதுதான்: கோடிக்கணக்கானோர் கேட்ட பாட்டிலும், எழுதியவரின் பெயர் ஒரு படத்திலிருந்து விடுபட்டதும் மக்களுக்கு வலித்தது. அது சின்ன விஷயம் அல்ல என்று மக்களுக்குத் தெரிகிறது.

இணையம் கெடுக்க மட்டும் வந்ததல்ல என்பதற்கும் சான்று உண்டு. 1998இல் 'மதுரைத் திட்டம்' தொடங்கி, பல நாடுகளில் இருக்கும் தமிழர்கள் சம்பளம் இல்லாமல் தட்டச்சு செய்து பழந்தமிழ் நூல்களை இணையத்தில் ஏற்றினார்கள். 2005இல் தொடங்கிய நம் நாட்டு 'நூலகம்' திட்டம் ஈழத்து நூல்களையும் சஞ்சிகைகளையும் பாடசாலை மலர்களையும் பக்கம் பக்கமாகப் படம் பிடித்து வைத்திருக்கிறது. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்ததைக் கண்ட சமூகம் நாம். ஒரே பிரதியாக ஒரே மேசையில் இருப்பது எவ்வளவு ஆபத்து என்பது நமக்குத் தெரியும். பகிரப்பட்டது தப்பும். பெயரோடு பகிரப்பட்டால் எழுதியவரும் சேர்ந்து தப்புவார்.

இனி என் கதையின் மிச்சத்தைச் சொல்கிறேன். அந்த அன்னையர் தினத்துக்குப் பிறகு அவளைத் தேடத் தொடங்கினேன். வகுப்புத் தோழிகள் பலர் உதவினார்கள். ஆறு மாதம் கழித்துத் திருச்சிப் பக்கத்தில் குடும்பத்தைக் கண்டுபிடித்தோம். எங்கள் தோழி சில வருடங்களுக்கு முன்பே காலமாகிவிட்டாள். மகளோடுதான் பேசினேன். கவிதையைப் பற்றிச் சொன்னேன். அந்தப் பிள்ளை கொஞ்ச நேரம் பேசவில்லை.

"அம்மா கவிதை எழுதுவாங்கன்னே எங்களுக்குத் தெரியாது ஆன்ட்டி" என்றாள். பிறகு, "அந்த ரோஜாப்பூ படம் எனக்கும் வந்துச்சு. நல்லாருக்கேன்னு நானும் நாலு பேருக்கு அனுப்பினேன்" என்றாள்.

தன் தாய் எழுதியது என்று அறியாமல், தன் பாட்டியைப் பற்றியது என்றும் அறியாமல், அந்த மகள் அதை அனுப்பியிருக்கிறாள். அறிய வழியும் இல்லை. பெயர் இல்லை, லயம் இல்லை, கூடை இல்லை, கைநாட்டும் இல்லை. எதைக் கொண்டு அவள் தன் குடும்பத்தை அதில் அடையாளம் காண்பாள்? கொப்பியின் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பினேன். அன்று இரவு பதில் வந்தது. "பாட்டியோட கையை எனக்கு ஞாபகம் இருக்கு. கறை கடைசி வரைக்கும் போகல" என்று எழுதியிருந்தாள்.

நாற்பது வருடத்துக்கு முன் அவள் கேட்ட கேள்விக்கு அவளுடைய மகள் பதில் சொல்லிவிட்டாள். என் ஒரு வரி அசட்டையால் அந்தப் பதில் கிடைக்காமலே போயிருக்கும்.

ஆகவே, பிள்ளைகளே, உங்களிடமும் என் வயதுத் தோழிகளிடமும் நான் கேட்பது பெரிய காரியம் அல்ல. கவிதையை அனுப்பும்போது எழுதியவரின் பெயரைக் கவிதைக்கு உள்ளேயே, கடைசி வரிக்கு அடுத்ததாகப் போடுங்கள். தனிச் செய்தியாகப் போட்டால் அது பின்தங்கிவிடும். பெயர் தெரியாவிட்டால் "எழுதியவர் தெரியவில்லை, எனக்கு இன்னாரிடமிருந்து வந்தது" என்று எழுதுங்கள். பெரிய கவிஞரின் பெயர் இருந்தால், அவருடைய நூலில் அது இருக்கிறதா என்று ஒரு தரம் பாருங்கள்.

மாற்ற ஆசையா? மாற்றுங்கள். மெட்டுப் போடுங்கள், சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் ஆக்குங்கள், நடனமாக்குங்கள். பாலஐயா செய்தது போல, மூலம் இன்னாருடையது, மாற்றியது நான் என்று இரண்டையும் சொல்லுங்கள். எழுதியவர் உயிரோடு இருந்தால் ஒரு வார்த்தை கேளுங்கள். கேட்டால் வேண்டாம் என்பவர்கள் மிகக் குறைவு. நீங்களே எழுதுகிறவர்களாக இருந்தால், "பெயர் குறிப்பிட்டுப் பகிரலாம்" என்று முதலிலேயே எழுதி விடுங்கள். கிரியேட்டிவ் கொமன்ஸ் என்ற பொது உரிமங்கள் இதற்காகவே இருக்கின்றன. அவற்றின் முதல் நிபந்தனையே பெயர் குறிப்பிடுவதுதான்.

சங்கத்துக்கும் ஒரு வேண்டுகோள். நூறு வருடப் பாடசாலையில் எத்தனை மலர்கள், எத்தனை சஞ்சிகைகள் வந்திருக்கும்? இன்று இந்த உரையைக் கேட்கிற, பின்னர் மலரில் வாசிக்கிற பழைய மாணவியர் எந்த நாட்டில் இருந்தாலும், உங்கள் பெட்டியடியில் இருக்கும் பழைய மலர்களையும் கொப்பிகளையும் எடுத்துப் பாருங்கள். படம் பிடித்து, எழுதியவரின் பெயர், வகுப்பு, ஆண்டு என்ற மூன்றையும் குறித்துச் சங்கத்துக்கு அனுப்புங்கள். எழுதியவர்களிடமோ அவர்களின் பிள்ளைகளிடமோ அனுமதி வாங்கி, நூலகத் திட்டத்திடம் ஒப்படைப்போம். செயற்குழு சம்மதித்தால் அந்த வேலையை ஒருங்கிணைக்க நான் ஆயத்தமாக இருக்கிறேன்.

கடைசியாக ஒன்று. இவ்வளவு நேரமும் பெயர், பெயர் என்று சொல்லிவிட்டு என் தோழியின் பெயரை மட்டும் சொல்லவில்லையே என்று நீங்கள் நினைப்பீர்கள். அது மகளின் விருப்பம். "அம்மா பேரு அவங்க கவிதைக்குக் கீழதான் முதல்ல வரணும், ஆன்ட்டி" என்றாள். அவளுடைய அனுமதியோடு அந்தக் கவிதை இந்த நூற்றாண்டு மலரின் கவிதைப் பகுதியில் முழுதாக வருகிறது. லயத்தோடும் கூடையோடும் கைநாட்டோடும் வருகிறது. கீழே பெயர் இருக்கிறது.

வாசியுங்கள். பிடித்திருந்தால் நாலு பேருக்கு அனுப்புங்கள். அந்தக் கடைசி வரியையும் சேர்த்து அனுப்புங்கள்.